கரண்ட் வைத்தால் கசிவு நிற்குமா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது நாலு பேர் நடுவில் சொல்லக் கூசுகிற ஒரு பொருள். சர்க்கரை நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறோம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததைப் பந்தியில் உட்கார்ந்து விவரிக்கிறோம். ஆனால் புரோஸ்டேட் ஆபரேஷன் ஆன ஒருவருக்கு வேட்டி நனைகிறது என்றால், அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த செய்தியாகவே இருந்துவிடுகிறது. மனைவிக்கே தெரியாத வீடுகளும் உண்டு. பேசாத நோய்க்கு விளம்பரம்தான் வைத்தியம் சொல்லும். அப்படிச் சொல்லப்படும் வைத்தியங்களில் ஒன்று மின்தூண்டல்; பேச்சு வழக்கில் சொன்னால், கரண்ட் வைப்பது. கரண்ட் வைத்தால் கசிவு நிற்குமா? இதுதான் இன்றைய கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு, சில மாதங்களுக்கு, அது துணை செய்யும். கசிவை நிறுத்துகிற வேலையை அது செய்வதில்லை. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன், எதை வைத்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

முதலில், ஏன் கசிகிறது? சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது புரோஸ்டேட் சுரப்பி. சிறுநீரைப் பிடித்து நிறுத்த ஆணுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில், சுரப்பிக்கு மேலே இருக்கிறது. நாம் நினைக்காமலே, தூக்கத்திலும் அது மூடியிருக்கும். இன்னொன்று சுரப்பிக்குக் கீழே இருக்கும் வெளிச்சுருக்குத்தசை. அவசரத்தில் அடக்கிக்கொள்ள நாம் இறுக்குவது அதைத்தான். புற்றுநோய்க்காக சுரப்பியை முழுவதுமாக எடுக்கும்போது மேல்பூட்டும் அதோடு பெரும்பாலும் போய்விடுகிறது. சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்து, மிஞ்சிய குழாயோடு வைத்துத் தைக்கிறார்கள். தையல் ஆறும்வரை சிறுநீர் வடிய ஒரு டியூப் இருக்கும். டியூபை எடுத்த அன்று முதல் முழுச் சுமையும் கீழே இருக்கும் ஒற்றைப் பூட்டின் மேல் விழுகிறது. அறுபது எழுபது வருடம் உதவிக்கு மட்டும் நின்ற தசை, ஒரே நாளில் தனியாளாகக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. புற்றுநோய் இல்லாமல் வெறும் வீக்கத்துக்காக, உள்வழியாகக் குழாய் விட்டுச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனும் உண்டு. அதிலும் சிலருக்குக் கசிகிறது. ஆனால் அங்கே பல சமயம் குற்றவாளி பூட்டு அல்ல. அடங்காமல் துடிக்கும் சிறுநீர்ப்பை. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கசிவுக்கு ஒரு நடை உண்டு. படுத்திருக்கும்வரை உலர்ந்திருப்பார். கட்டிலை விட்டு எழுந்து நின்றதும் சொட்டும். தும்மினால், இருமினால், தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் நனையும். காலையைவிட மாலையில் அதிகம். நாள் முழுவதும் காவல் நின்ற தசை பொழுது சாயும் நேரத்தில் களைத்துவிடுகிறது. பஸ்ஸில் ஓரமாக உட்காருவார், கருப்பு பேன்ட்டாகத் தேடிப் போடுவார், கல்யாண வீட்டுக்கு மொய்யை மட்டும் அனுப்பிவைப்பார். பேடு வைத்துக்கொண்டு வெளியே போனாலும் அதைக் கழற்றிப் போட ஆண்கள் கழிப்பறையில் ஒரு குப்பைக்கூடை இருக்காது. பெண்களுக்காக வைத்தார்கள், ஆணுக்கும் வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உயிர் போகிற விஷயம் இல்லைதான். ஆனால் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர் வெளியே தலைகாட்ட முடியாமல் வாழ்கிறார் என்றால், அது சின்ன விஷயமா?

இனி ஒரு சங்கடமான உண்மைக்கு வருகிறேன். இந்தக் கசிவு பெரும்பாலோருக்குத் தானாகவே குறைகிறது. டியூப் எடுத்த வாரத்தில் நனையாதவர்கள் குறைவு. 3 மாதத்தில் ஒரு பகுதியினர் தேறுகிறார்கள், 6 மாதத்தில் இன்னும் பலர், ஒரு வருடம் வரைக்கும் முன்னேற்றம் தொடர்கிறது. இது நல்ல செய்திதானே, இதில் சங்கடம் எங்கே வந்தது? இங்கேதான் வந்தது. தானாகக் குறைகிற எந்த நோய்க்கும் ஆயிரம் வைத்தியங்கள் பலிக்கும். நாலாவது மாதம் கஷாயம் குடித்தவர் கஷாயத்தைப் புகழ்வார். விரதம் இருந்தவர் விரதத்தைப் புகழ்வார். கரண்ட் வைத்துக்கொண்டவர் கரண்ட்டைப் புகழ்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவருக்கும் உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனால் நிறுத்தியது எது?

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அப்படிப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு லான்செட் இதழில் முடிவு வந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்து, டியூப் கழற்றிய பிறகு கசிந்துகொண்டிருந்த 102 ஆண்கள். ஒரு குழுவுக்கு இடுப்புத்தளத் தசைகளுக்கான முறையான பயிற்சி. மறு குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வெறும் பாவனைக்கு ஒரு மின்சிகிச்சை. 3 மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் 88 சதவீதம் பேருக்குக் கசிவு நின்றிருந்தது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில்? 56 சதவீதம் பேருக்கு நின்றிருந்தது! பயிற்சி ஜெயித்தது, அது முதல் பாடம். எனக்கு இரண்டாவது பாடம்தான் பெரிதாகப் படுகிறது. பாவனைச் சிகிச்சையைத் தனியாக ஒரு கிளினிக்கில் வைத்து, ஒப்பிட ஆளில்லாமல் நடத்தியிருந்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் 3 மாதத்தில் குணமாகி வெளியே வந்திருப்பார்கள். அந்தக் கிளினிக்குக்கு எவ்வளவு நல்ல பெயர் கிடைத்திருக்கும்! எத்தனை பேர் நன்றிக் கடிதம் எழுதியிருப்பார்கள்!

சரி, நிஜமான கரண்ட் என்ன செய்கிறது? இது நேற்று முளைத்த யோசனை அல்ல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப் பின் கசிவால் அவதிப்பட்ட பெண்களுக்காக இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 1948-இல் எழுதி வெளியிட்டார். பயிற்சியால் இறுக்க முடியாத தசையை மின்சாரத்தால் இறுக்கலாமே என்று இங்கிலாந்தில் எக்ஸிட்டரைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் கால்டுவெல் 1963-இல் லான்செட்டில் எழுதினார். அவர் மின்முனையை உடலுக்குள்ளேயே பொருத்தினார். இன்று ஆபரேஷன் தேவையில்லை. விரல் பருமனில் ஒரு மின்முனையை மலவாயில் வைப்பார்கள், அல்லது ஒட்டுகிற பட்டைகளைத் தோலின் மேல் ஒட்டுவார்கள். கரண்ட் தரும் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் முதலில் ஊறல் மாதிரி ஒரு உணர்வு, பிறகு தசை தானாக இறுகி மேலே ஏறும். சில நொடி இறுகும், சில நொடி தளரும். இப்படி ஒரு வேளைக்குக் கால்மணி, இருபது நிமிடம். தசையை வலுப்படுத்த என்றால் நொடிக்கு 35 முதல் 50 துடிப்பு வரை வைப்பார்கள். துடிக்கும் சிறுநீர்ப்பையை அடக்க என்றால் நொடிக்கு 10 அளவிலோ அதற்குக் குறைவாகவோ வைப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் நேராகத் தசையைத் தொடுவதில்லை. தசைக்குப் போகும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. நரம்புதான் தசையை இறுக்குகிறது. நரம்பு முழுவதுமாகச் செத்திருந்தால் இந்தப் பெட்டி எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

இப்போது நிஜக் கரண்ட்டைச் சோதித்தவர்களிடம் வருவோம். கனடாவின் எட்மண்டனில் 1999-இல் வெளியான ஆய்வில் 63 பேர். பயிற்சியோடு கரண்ட் சேர்த்ததால் தனிப் பயன் தெரியவில்லை. ஜெர்மனியில் வில்லே என்பவரும் அவர் சகாக்களும் 139 பேரை வைத்துப் பார்த்து 2003-இல் வெளியிட்டார்கள். பயிற்சி மட்டும், பயிற்சியோடு கரண்ட், அதோடு தசை அசைவைத் திரையில் காட்டும் கருவியும் சேர்த்து என மூன்று குழுக்கள். ஒரு வருடம் கழித்து மூன்றும் ஒரே இடத்தில் நின்றன. ஆனால் என் மனதில் அதிகம் கனக்கும் ஆய்வு அமெரிக்காவில் பட்ரீஷியா குட் தலைமையில் நடந்து 2011-இல் ஜாமா இதழில் வந்தது. ஏன் அது? அதில் சேர்ந்த 208 பேருக்கும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் முதல் 17 வருடம் வரை ஆகியிருந்தது. அதாவது, தானாகக் குறைய வேண்டியது குறைந்து முடிந்துவிட்டது. காலம் என்ற வைத்தியர் வந்து போய்விட்டார். இனி எது மாறினாலும் அது சிகிச்சையால்தான் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

அங்கே என்ன நடந்தது? ஒரு குழுவுக்கு 8 வாரம் தசைப் பயிற்சியும் சிறுநீரை அடக்கும் உத்திகளும். இரண்டாவது குழுவுக்கு அதே பயிற்சியோடு, தசை அசைவைக் காட்டும் கருவியும் வீட்டில் தினமும் மின்தூண்டலும். மூன்றாவது குழு காத்திருந்தது. பயிற்சிக் குழுவில் வாரத்துக்கு 28 முறை நனைந்தது 13 முறையாகக் குறைந்தது. கரண்ட்டும் சேர்ந்த குழுவில் 26 முறை 12 ஆனது. காத்திருந்தவர்களுக்கு 25-லிருந்து 21. கூட்டிக் கழித்துப் பாருங்கள். வருடக்கணக்காக நனைந்தவர்களுக்கும் பயிற்சி கசிவைப் பாதியாக்குகிறது. பல வருடம் ஆகிவிட்டது, இனி என்ன என்று கைவிட்டவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஆனால் அதன் மேல் கருவியையும் கரண்ட்டையும் அடுக்கியதில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: முழுவதும் உலர்ந்தவர்கள் இரண்டு குழுவிலும் 100-க்கு 16, 17 பேர்தான். பயிற்சி பாதியாக்கியது; பெரும்பாலோருக்கு முழுதாக நிறுத்தவில்லை.

"அப்படியானால் கரண்ட்டால் எந்தப் பயனும் இல்லை என்று சொல்லிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது. ஜப்பானில் யமானிஷியும் அவர் குழுவினரும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு குறுக்கே நிற்கிறது. ஆபரேஷனுக்குப் பின் கடுமையாகக் கசிந்த 56 பேர். எல்லோருக்கும் பயிற்சி உண்டு. பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், பாதிப் பேருக்குப் பாவனைக் கரண்ட். நிஜக் கரண்ட் பெற்றவர்களுக்குக் கசிவு நிற்கச் சராசரியாக 2.7 மாதம் ஆனது. பாவனை பெற்றவர்களுக்கு 6.8 மாதம். நாலு மாத வித்தியாசம்! ஆனால் 12 மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் இரண்டு குழுவும் சமம். இத்தாலியிலிருந்து 2009-இல் வந்த ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது: டியூபை எடுத்த கொஞ்ச நாளிலேயே கரண்ட்டும் திரைக் கருவியும் சேர்த்துப் பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து எடைபோடும் காக்ரேன் குழு 2013-இல் ஆண்களுக்கான மின்தூண்டலை ஆராய்ந்தது. கிடைத்தது 6 ஆய்வுகள், 544 பேர். அவர்கள் சொன்ன தீர்ப்பு: பயிற்சியோடு கரண்ட் சேர்ந்தால் குறுகிய காலத்தில் கொஞ்சம் பயன் தெரிகிறது, 6 மாதத்துக்கு மேல் அது நிலைப்பதில்லை, வலியும் அசௌகரியமும் கரண்ட் பக்கம்தான் அதிகம்.

சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது? கரண்ட் சிலருக்குப் பயணத்தைச் சுருக்கலாம். போய்ச் சேரும் ஊரை அது மாற்றுவதாகத் தெரியவில்லை. இது ஏன் இப்படி இருக்க வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவையான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

நாமாக ஒரு தசையை இறுக்கும்போது உடல் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறது. சிறிய, மெதுவான, களைக்காத நார்கள் முதலில் வேலைக்கு வருகின்றன. அவசரம் கூடினால்தான் பெரிய, வேகமான, சீக்கிரம் களைக்கும் நார்களைக் கூப்பிடுகிறது. வெளியிலிருந்து வரும் கரண்ட்டுக்கு இந்த மரியாதை தெரியாது. பருமனான நரம்பு இழைகள் அதற்குச் சுலபமாக வசப்படுகின்றன. அவை போய்ச் சேருவது வேகமான நார்களிடம். எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் அடித்து எழுப்புகிறது, திரும்பத் திரும்ப அதே நார்களையே எழுப்புகிறது. அதனால் தசை சீக்கிரம் களைக்கிறது. ஆனால் நமக்குத் தேவைப்படும் வெளிச்சுருக்குத்தசையோ மணிக்கணக்காக மெல்லிய இறுக்கத்தில் நிற்க வேண்டியது. அது மட்டுமா? மின்முனை இருப்பது மலவாயில். பக்கத்தில் இருக்கும் மலவாய்த் தசையைத்தான் அது முதலில், பலமாக இறுக்கும். சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசை முன்பக்கம், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெட்டியில் முள் ஏறுகிறது, உள்ளே ஏதோ இறுகுகிறது, நோயாளிக்குத் திருப்தி. இறுகியது எந்தத் தசை?

இதே தவறு பயிற்சியிலும் நடக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃபர்டும் ஹாட்ஜஸும் காட்டினார்கள். ஆண்களிடம் வெவ்வேறு கட்டளைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தசை எவ்வளவு அசைகிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். 2016-இல் அதை வெளியிட்டார்கள். "மலவாயைச் சுற்றி இறுக்குங்கள்" என்றால் மலவாய்த் தசை அதிகம் வேலை செய்தது. "ஆணுறுப்பை உள்ளுக்கு இழுத்துச் சிறிதாக்குங்கள்" என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயின் தசை நன்றாக இறுகியது. மன்னிக்க வேண்டும், பெரியவர்கள் இருக்கும் சபையில் இப்படிப் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம்! நம்மூர்களில் கையில் கொடுக்கும் தாள்களில் பெரும்பாலும் "மலம் வருவதை அடக்குவதுபோல் இறுக்கவும்" என்றுதான் போட்டிருக்கும். அது தப்பு என்று சொல்லவில்லை. பெண்களுக்காக எழுதியதை ஆண்களுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். முன்பக்கத் தசை பாதி வேலையோடு நின்றுவிடுகிறது.

வலுவுக்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது, நேரம். இருமல் வந்த பிறகு இறுக்கிப் பயனில்லை. வருவதற்கு ஒரு கணம் முன்னால் இறுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் இறுக்க வேண்டும். எழுந்து முடிந்ததும் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் மாலைக்குள் களைத்துவிடும். இந்த முன்யோசனை மூளையின் வேலை. படுக்கையில் கால்மணி நேரம் பெட்டி இறுக்கித் தளர்த்தும்போது மூளை என்ன கற்றுக்கொள்கிறது? எழுத்தறிவிக்கும் நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுத வைக்கிறோமே, அந்த வேலையைத்தான் கரண்ட் செய்கிறது. விரல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு எழுத வேண்டியவர் அவர்தான். ஆகவே யாருக்கு அது பயன்படும் என்றால், எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதவருக்கு. இறுக்கச் சொன்னால் தொடையையும் புட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடிப்பவருக்கு. பரிசோதிக்கும் விரலுக்கு அசைவே தட்டுப்படாத அளவுக்குத் தசை சோர்ந்தவருக்கு. அவர்களுக்குச் சில வாரம் கொடுங்கள், இறுக்கத்தை உணர வையுங்கள், பெட்டி இறுக்கும்போது அவரையும் கூடவே இறுக்கச் சொல்லுங்கள். உணர்வு வந்ததும் பெட்டியை மூடிவிடுங்கள்.

எதிர்ப்புகள் வரும். வர வேண்டும். முதல் எதிர்ப்பு வலுவானது: "நாலு மாதம் முன்னாலேயே உலர்ந்துவிடுகிறார் என்றால் அது பெரிய காரியம் இல்லையா? ஒரு வருடத்தில் சமம் என்று சொல்வது ஆராய்ச்சியாளருக்குச் சுலபம். நனைபவருக்கு நாலு மாதம் நாலு யுகம்." ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு, மகள் கல்யாணத்தில் மணவறையில் உட்கார வேண்டியவருக்கு அந்த நாலு மாதம் பொன். அதனால்தான் கூடாது என்று சொல்லாமல், யாருக்கு, எப்போது என்று கேட்கிறேன். ஆனால் 56 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு அது. கடுமையாகக் கசிந்தவர்களை மட்டும் சேர்த்த ஆய்வு. இரண்டு சொட்டு கசிகிறவருக்கும் அதே நாலு மாதம் மிச்சமாகும் என்று சொல்ல அதில் இடமில்லை. 139 பேரை வைத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வில் 3 மாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு என் வாதத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது. "நீங்கள் உயர்த்திப் பிடிக்கும் பயிற்சியே பலனில்லை என்று பிரிட்டனில் முடிவாகிவிட்டதே?" ஆம், மேப்ஸ் என்ற பெரிய ஆய்வு, 2011-இல் லான்செட்டில் வந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்த 411 பேர், உள்வழியாகச் சுரண்டி எடுத்த 442 பேர். ஒரு பாதிக்கு நிபுணர் நேரில் உட்கார்ந்து, 3 மாதத்தில் 4 தடவை பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடம் கழித்து, முழுவதும் எடுத்தவர்களில், சொல்லிக்கொடுக்கப்பட்ட பாதியில் கசிவு இருந்தது 76 சதவீதம் பேருக்கு, சொல்லிக்கொடுக்கப்படாத பாதியில் 77. வித்தியாசமே இல்லை! இதை மழுப்பக் கூடாது. ஆனால் சொல்லிக்கொடுக்கப்படாத பாதியிலும் கணிசமானோர் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பிரிட்டனில் பயிற்சித் தாள் ஏற்கனவே கைக்குக் கை போயிருந்தது. ஆகவே அந்த ஆய்வு அளந்தது, தாளைப் பார்த்துச் செய்வதற்கும் நிபுணரிடம் 4 தடவை போவதற்கும் உள்ள இடைவெளியை. தவிர, அவர்கள் எல்லோரும் காலம் குணப்படுத்திக்கொண்டிருந்த முதல் வருடத்தில் இருந்தவர்கள். காலம் ஒதுங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவின் 208 பேர் சாட்சி. அந்த 76 சதவீதத்தைக் கேட்டு யாரும் பயந்துவிடவும் வேண்டாம். எந்த அளவு கசிந்தாலும் கசிவு என்று எண்ணிய கணக்கு அது. "எங்களிடம் 100-க்கு 95 பேர் உலர்ந்துவிடுகிறார்கள்" என்கிற அறிக்கைகள் பலவற்றில், பாதுகாப்புக்கு ஒரு பேடு வைப்பவரும் உலர்ந்தவர் பட்டியலில்தான் இருப்பார். எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும், எதைக் கசிவு என்று எண்ணினார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

மூன்றாவது எதிர்ப்பு, எல்லோரும் சொல்வது: "கெடுதல் இல்லையே, வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" சிலருக்குக் கெடுதலே உண்டு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் இதன் பக்கம் போகக் கூடாது. டியூப் இன்னும் உள்ளே இருப்பவர், தையல் ஆறாதவர், சிறுநீரில் கிருமித் தொற்று உள்ளவர், ரத்தம் வரும் மூலமோ வெடிப்போ உள்ளவர், கதிர்ச் சிகிச்சையால் மலக்குடல் புண்ணானவர், இவர்களுக்கு மலவாய் மின்முனை ஆகாது. தோள்பட்டை வலிக்கு ஆன்லைனில் வாங்கிய பெட்டியின் பட்டைகளைக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது வலியை மரக்க வைக்கச் செய்த பெட்டி. உட்கார்ந்தாலே போதும், துணியைக்கூடத் தளர்த்த வேண்டாம் என்று விற்கிற காந்த நாற்காலிக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பேஸ்மேக்கர் இல்லாத, புண் இல்லாத மனிதருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. இருபது நிமிடம் பெட்டி வேலை செய்துவிட்டது, இன்றைய கடமை முடிந்தது என்ற நினைப்பு. ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்குப் பத்துப் பதினைந்து முறை இறுக்க வேண்டிய பயிற்சி அதோடு நின்றுபோகும்.

இன்னொரு நஷ்டம், தவறான நோய்க்குச் சரியான பெட்டியை வைப்பது. எழுந்தால், இருமினால் கசிகிறதா, அல்லது திடீரென்று முட்டிக்கொண்டு வந்து கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் நனைகிறதா? முதலில் சொன்னேனே, துடிக்கும் சிறுநீர்ப்பை, அது இரண்டாவது வகை. அதற்குப் பூட்டை வலுவாக்கும் கரண்ட் அல்ல, நரம்பைச் சாந்தப்படுத்தும் கரண்ட் வேண்டும். கணுக்காலுக்கு மேல் ஓடும் நரம்பில் வாரம் ஒரு முறை, அரைமணி நேரம், 12 வாரம் கொடுக்கிற முறைகூட அதற்கு உண்டு. வகை பிரிக்காமல் பெட்டி வாங்குவது, பரிசோதனை செய்யாமல் கண்ணாடி வாங்குகிற மாதிரியான வேலை.

எது எப்படியோ, அளக்காமல் எதையும் தொடங்காதீர்கள். அளப்பதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். சமையலறைத் தராசு போதும். உலர்ந்த பேடின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மாற்றுகிற பேடுகளை ஒவ்வொன்றாக மூடிய பையில் போட்டு எடை போடுங்கள். கூடின ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். இந்த வாரம் 200, நாலு வாரம் கழித்து 120 என்றால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நாலு வாரம் கழித்தும் 200 என்றால், பெட்டிக்காரர் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, காலதாமதம் என்ற நஷ்டம். ஆபரேஷன் முடிந்து 6 மாதம் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லாமல், கசிவு வாழ்க்கையைக் கெடுக்கிறது என்றால் அப்போதே மறு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் கட்டாயம் பேச வேண்டும். கசிவு குறைவாக இருப்பவருக்குக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் நாடா உண்டு. அதிகமாக இருப்பவருக்குச் செயற்கைச் சுருக்குத்தசை உண்டு. ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கருவியின் வாரிசு அது: குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப். பம்பை அழுத்தினால் பட்டை தளரும், சிறுநீர் போகும். சில நிமிடத்தில் தானாக நிரம்பி மூடிக்கொள்ளும். செலவு அதிகம், மறுபடியும் ஆபரேஷன், சிலருக்குக் கருவி பழுதாகி மாற்ற வேண்டியும் வரும். எல்லோருக்கும் இது வேண்டாம். ஆனால் மூன்றாவது வருடமும் பெட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பவரிடம், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா?

நான் முடித்துக்கொள்கிறேன். மேடையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேள்வி உள்ளவர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டாம். சீட்டில் எழுதி அனுப்புங்கள். பெயர் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதம் ஆகிறது என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.